ரேடானின் ‘மகள்’களைத் தமிழில் என்னவென்று சொல்வது?

செம்பூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். மண்ணின் இயற்கைக் கதிரியக்கம் பற்றிய நம் மும்பைக் குழுவின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். யுரேனியம்-238 சிதைந்து, ரேடியம், ரேடான், பொலோனியம், பிஸ்மத் என்று இறங்கி, கடைசியில் ஈயம்-206 ஆகிறது. நடுவில் பிறப்பவற்றை ‘டாட்டர்’ என்பார்கள். ‘மகள் தனிமம்’ என்று எழுதினேன், வாசிக்கவே இடறுகிறது. விட்டுவிடவும் வழியில்லை. ரேடான் வாயு, பெரும்பாலும் மூச்சோடு வெளியேறிவிடும். அதன் ‘மகள்’கள்தான் தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கி ஆல்ஃபா கதிரை விடுகின்றன. புற்றுநோய் அபாயம் அங்கேதான்.

மாட்டுங்காவிலிருந்து:
எச்சம்! ‘எச்சத்தாற் காணப்படும்’ என்று குறளே சொல்கிறது. பிள்ளை, மிச்சம், இரண்டு பொருளும் உண்டு. வினையெச்சம் முடிவு தேடி அடுத்த வினைக்கு ஓடுகிறதல்லவா? இதுவும் அப்படித்தான் ஓடுகிறது. ஈயம் வினைமுற்று. அஞ்சு – அச்சம், மிஞ்சு – மிச்சம், எஞ்சு – எச்சம். நஞ்சு – நச்சு என்பதையும் இதே வரிசையில் வைத்துப் பார்த்தால்…

தாராவியிலிருந்து:
ஐயா, நச்சு வரைக்கும் போக வேண்டாம். என் எட்டாம் வகுப்பில் ‘ரேடானின் எச்சம் நுரையீரலில் படியும்’ என்று சொன்னால், அத்தனை பேரின் நினைப்பும் புறாக்கள் கூடும் தாதர் கபூதர்கானாவுக்குப் போய்விடும். புறா எச்சத்தால் நுரையீரல் கெடும் என்ற பேச்சு வேறு இங்கே ஓயவில்லை. சிதையும் அணுக்கரு தாய்க்கரு, அதில் பிறப்பது சேய்க்கரு. முடிந்தது.

மாட்டுங்காவிலிருந்து:
சேய் என்றால் முருகன், சிவப்பு, தொலைவு. கரு என்றால் பிரசவ ஆஸ்பத்திரி. டீச்சர், எது முடிந்தது?

முலுண்டிலிருந்து:
பல வருஷம் மண் அளந்தவன் என்ற முறையில் என் ஓட்டு எச்சத்துக்கு. மண்ணை உலர்த்திச் சலித்து டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தேதியை மார்க்கரில் எழுதி ஒரு மாதம் போல வைத்துவிடுவோம். ரேடானின் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 3.8 நாள். அந்த ஒரு மாதத்தில் ரேடியமும் அதன் வழிவந்தவையும் சமநிலைக்கு வந்துவிடும். டேப் சரியில்லை என்றால் ரேடான் கசிந்து அளவு குறைவாகக் காட்டும். அப்புறம் காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் தேடுவது, ரேடியத்தின் வழிவந்த பிஸ்மத்-214, 609 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் காட்டும் கோடுதான். தோரியத்துக்குத் தாலியம்-208, 2614இல். பொட்டாசியம்-40 மட்டும் தன் முகத்தைத் தானே 1460இல் காட்டும். ஆக, ரேடியத்தை எச்சத்தால்தானே காண்கிறோம்!

டோம்பிவிலியிலிருந்து:
சொல் எதுவானாலும் சரி, எங்கள் மணவாளக்குறிச்சி மணலைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். அதிலுள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு அதிகம்தான். ஆனால் அதே போன்ற மணல் உள்ள கேரளக் கருநாகப்பள்ளியில் மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், தரைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. எனக்கு ‘டாட்டர்’ என்றே எழுதினாலும் போதும்.

தாராவியிலிருந்து:
அண்ணா, அந்த ஆய்வைக் கட்டாயம் சேர்க்கலாம். அதற்காக, காற்றோட்டமில்லாத அறையில் சேரும் ரேடானை லேசாக விட்டுவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு சங்கதி.

செம்பூரிலிருந்து:
அச்சகத்தில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது என்பதால் ‘சேய்க்கரு’ என்றே போடுகிறேன். முலுண்டு சார் எழுதியதை அளவீட்டுப் பக்கத்தில் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன், எச்சத்தை மட்டும் எடுத்துவிட்டு.

மாட்டுங்காவிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதிருக்கட்டும், ‘கதிரியக்கம்’ என்பதில் இயக்கம் எங்கிருந்து வந்தது? அதுவும் சரியில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.