பாலியேட்டிவ் கேர் பிரிவு தொடங்க டாக்டர் கிடைக்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரைக்குத் தெற்கே 120 படுக்கை உள்ள அறக்கட்டளை மருத்துவமனை. பாலியேட்டிவ் கேர் (தீராத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சை) பிரிவு தொடங்க 8 மாதமாக டாக்டர் தேடுகிறோம்.

தயாராக இருப்பவை: 4 படுக்கை, பயிற்சி பெற்ற 2 நர்ஸ், வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஒரு வண்டி.

எம்.டி. பாலியேட்டிவ் மெடிசின் முடித்தவர்களிடம் கேட்டுப் பார்த்தோம். இருவர் நேரில் வந்தார்கள். சம்பளம் பிரச்சினை இல்லை. "இரவு போன் வந்தால் யார் எடுப்பது? நான் லீவு போட்டால் யார் பார்ப்பது?" என்று இருவருமே கேட்டார்கள். நியாயமான கேள்வி; எங்களிடம் பதில் இல்லை. ஓய்வுபெற்ற பொது மருத்துவர் ஒருவர் வாரம் 2 நாள் வர ஒப்புக்கொண்டார், ஆனால் வலி சிகிச்சையில் பயிற்சி இல்லை.

பெரிய சிக்கல், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து. 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதை வாங்கி வைக்கப் பல லைசென்ஸ் தேவையில்லை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும். ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற டாக்டர் பொறுப்பில் இருக்க வேண்டும். டாக்டர் இல்லாமல் மார்ஃபின் இல்லை. மார்ஃபின் இல்லாத இடத்துக்கு டாக்டர் வருவதில்லை. இதற்கிடையே வாய்ப்புற்று நோயாளிகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கிறார்கள். மார்ஃபினைவிட வீரியம் குறைந்த டிராமடால் கொடுத்து அனுப்புகிறோம். அது அவர்களுக்குப் போதவில்லை.

எங்கள் மயக்கவியல் டாக்டர் திருவனந்தபுரத்தில் 6 வாரப் பயிற்சிக்குப் போகத் தயார். திரும்பி வந்தாலும் பாதி நேரம் ஆபரேஷன் தியேட்டரில்தான் இருப்பார்.

அவரைப் பாதி நேரப் பொறுப்பாளராக வைத்துத் தொடங்கலாமா, அல்லது முழுநேர டாக்டர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?