மைக் செட் ரெக்கார்டுகளைக் கணினிக்கு மாற்றிய அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து:

எங்கள் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் புளியமரத்தில் குழாய் கட்டி ரெக்கார்டு போடுவார். கேசட் வந்த பிறகு அத்தனை தட்டும் பரணுக்குப் போய்விட்டது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டுகள், கொஞ்சம் 33⅓ சுற்று ஓடும் எல்.பி. என்ற பெரிய தட்டுகள். போன கோடையில் அவற்றைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன்.

முதலில் கழுவ வேண்டும். "தண்ணி பட்டா பாட்டு போயிடாதாப்பா?" என்று பெரியப்பா பதறினார். வினைல் என்ற பிளாஸ்டிக்கில் ஆன தட்டைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் நம் பக்கத்து போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளையாகப் படியும்; அந்தப் படிவு கோடுகளுக்குள் நின்றால் அதுவே சடசடப்பாகக் கேட்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், மெல்லிய பிரஷ், கோடு போகும் திசையிலேயே துடைப்பு. அழுக்கோடு ஓட்டினால் ஊசி தூசியை அரைத்துத் தட்டிலேயே தேய்த்துவிடும்.

பழைய பிளேயரின் ஊசி கனமாக அழுத்தும் என்பதால் அதை விட்டுவிட்டேன். காந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) உள்ள டர்ன்டேபிளில் சுமார் 2 கிராம் அழுத்தம் போதும். ரெக்கார்டு வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தொனியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். 1954இல் இருந்து பொதுவாகிப்போன ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கம்) முறை அது. அதைத் திருப்பிச் சரிசெய்ய ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சின்ன ஆம்ப்ளிஃபையர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு மெலிந்து கீச்சென்று வரும். ம்ம்ம் என்று ரீங்காரம் வந்தால் எர்த் வயரைப் பாருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட் தரத்தில் பதிகிறேன். சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். பூஜ்ஜியத்தைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், அப்புறம் எதைச் செய்தாலும் முழுசாகத் திரும்பாது.

மென்பொருளில் சடசடப்பை நீக்கும் கருவியை மட்டும் தயவுசெய்து கண்மூடி ஓட்டாதீர்கள். தவில் அடி விழும் கணமும், தபேலாவின் முதல் தட்டும் அதற்குச் சடசடப்பு மாதிரியே தெரியும். இரண்டையும் சேர்த்து வழித்துவிடும். இரைச்சல் போன இடத்தில் பாட்டின் உயிரும் போயிருக்கும். பெரிய கீறல்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிறேன். பதிந்ததை அப்படியே ஃப்ளாக் கோப்பாக (தரம் குறையாமல் சுருக்கும் வகை) தனியே வைத்துவிட்டு, நகலில்தான் கை வைப்பேன்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது உறைகள். பால்பாயின்ட் பேனாவில் பெரியப்பா எழுதி வைத்திருக்கிறார்: "பொண்ணு அழைப்பு", "மொய் எழுதும்போது", "விடியக்காலம் முதல் தட்டு". ஒரு உறையில் "2ஆம் பக்கம் போடாதே, தாவும்". இந்தப் பாட்டுகளில் பாதி இணையத்திலேயே கிடைக்கும். எந்தப் பாட்டு எந்த வேளையில் நம் ஊரில் ஒலித்தது என்பது அங்கே கிடைக்காது. அதனால் உறை, லேபிள், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் பொறித்த எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, அவர் எழுதியதை எழுத்து மாறாமல் கோப்பின் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

ஓசூரிலிருந்து:

அண்ணா, ஒரு சேர்க்கை. தாத்தாவிடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் 78 சுற்றுத் தட்டுகள் இருந்தன. அவை வினைல் இல்லை, அரக்கு. ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த எதுவும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். கோடும் அகலம் என்பதால் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு ஊசி வேண்டும். எல்.பி.க்கான 0.7 மில் ஊசி அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் அள்ளி வரும். எல்லாம் மோனோ என்பதால் இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்தேன். இரைச்சல் நன்றாகவே தணிந்தது.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

நான் தட்டுகளை மாற்றித் தரச்சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். தரம் குறைத்துச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3யாக வந்தது. பல பாட்டுகளுக்குத் தொடக்க இசையே இல்லை. உறைகளைக் கேட்டால், கிழிந்திருந்ததால் குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். அம்மா அதில் தேதி எழுதி வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன்பே உறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தட்டுகள் பத்திரமாகத்தானே இருக்கின்றன? பாட்டைத் திரும்பப் பதியலாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாங்க, அம்மாவையும் கூட்டி வந்தால் நல்லது. தேதிகளில் அவருக்கு நினைவிருப்பதைக் கேட்டு அன்றே எழுதிவிடலாம்.