மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு: பால் வேறுபாட்டை எப்படிப் பழக்குவது?

வணக்கம். புதுச்சேரியில் ஒரு தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வாரம் இரண்டு முறை, அடிப்படைப் பிரெஞ்சு கற்பிக்கத் தொடங்கியிருக்கிறேன். அனுபவமுள்ள ஆசிரியர்களின் ஆலோசனை தேவைப்படுகிறது.

தெருப்பலகைகளில் 'ரூ' (தெரு) என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால், பிள்ளைகள் சற்று உரிமையோடுதான் கற்கிறார்கள். நண்பனிடம் 'த்யு', ஆசிரியரிடம் 'வூ' என்று பேசவேண்டும் என்பதை, நம்முடைய நீ, நீங்கள் கொண்டு ஒரே வகுப்பில் புரிந்துகொண்டார்கள்.

சிக்கல் பெயர்ச்சொற்களின் பாலில்தான். உயிரற்ற பொருள்கள் அனைத்தையும் அஃறிணையில் அடக்கிப் பழகியவர்களிடம், மேசை பெண்பால் என்பதால் சொல்லுக்கு முன் 'லா' வரும், புத்தகம் ஆண்பால் என்பதால் 'லெ' வரும் என்று சொன்னபோது, "மேசைக்கு யார் மிஸ் பொட்டு வைத்தது?" என்று ஒரு சிறுமி கேட்டாள், சிரித்தேனே தவிர, என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஆண்பால் சொற்களை நீல அட்டையிலும் பெண்பால் சொற்களைச் சிவப்பு அட்டையிலும் எழுதிக் காட்டுகிறேன். அட்டையை மறைத்தவுடன் நினைவும் மறைந்துவிடுகிறது. விதியைச் சொல்லாமல், 'லா தாப்ள்', 'லெ லிவ்ர்' என்று ஒரே சொல்லாகவே வாய்ப்பழக்கம் ஆக்குவது இந்த வயதில் பயனளிக்குமா? அவ்வாறு செய்தவர்கள் எந்த விளையாட்டுகளைப் பயன்படுத்தினீர்கள்?

மேலும், எழுபதை அறுபதும் பத்தும் என்றும், எண்பதை நான்கு இருபது என்றும் சொல்லும் எண் முறையை இந்த ஆண்டே கற்பிக்கலாமா, அறுபத்தொன்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.