இடது இருக்கையின் வேலை

இரு வீட்டார் (வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு

[மாலை 6.05] அப்பா: எல்லோருக்கும் வணக்கம். நாளைக் காலை 8 மணிக்கு இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் வண்டியோடு ரயிலேறுகிறேன். 35 நிமிடத்தில் பிரான்சின் கலே வந்துவிடும். மச்சானும் நானும் சேர்ந்து போவதாக இருந்த பயணத்தை இந்தச் செப்டம்பரில் தனியாகவே போய்வருவது என்று நான் முடிவு செய்ததில் உங்களில் பாதிப் பேருக்குச் சம்மதமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் பென்சிலால் கோடு போட்டு வைத்த வழியிலேயே, இத்தாலியின் ஸ்டெல்வியோ மலைக் கணவாய் வரை, போய்த் திரும்புவதாக இருக்கிறேன். தங்கச்சி, வரைபடத்தைக் கொடுத்தனுப்பியதற்கு நன்றி.

[மாலை 6.11] பெரியப்பா: சம்மதமில்லாதவர்களில் நான் முதல் ஆள் என்பதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலங்கி, முதலுதவிப் பெட்டி ஆகிய மூன்றும் வண்டியில் இருக்கின்றனவா? மேலங்கியைப் பின்பெட்டியில் வைத்தால் போதாது; பிரான்சில் அது இருக்கையிலிருந்தே கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியை ஆஸ்திரியாவில் கேட்பார்கள்.

[மாலை 6.20] அப்பா: இருக்கின்றன, அண்ணா. முகப்பு விளக்கில் ஒட்டும் வில்லையையும் வாங்கிவிட்டேன். அது இல்லாவிட்டால், வலப்பக்கமாக ஓட்டும் அந்த நாடுகளில் நம் வண்டியின் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் நேராகப் போய் அடிக்கும்.

[மாலை 6.31] நான்: சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கான கட்டண வில்லையை வாங்கினீர்களா, அப்பா? 40 பிராங்க், ஒரு நாளுக்கென்றோ ஒரு வாரத்துக்கென்றோ தனியாகக் கிடையாது, ஆண்டு முழுவதற்கும் ஒரே வில்லைதான்.

[மாலை 6.38] அப்பா: வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். மூன்று மணி நேரம் ஓட்டுவதற்கு ஓராண்டுக் கட்டணமா என்று கேட்டுத்தான் உன் மாமா சுவிட்சர்லாந்தையே வழியிலிருந்து நீக்கினான். ரீம்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், அங்கிருந்து ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் ஃப்ரைபூர்க், கருங்காடு, லிண்டாவ், ப்ரெகென்ஸ், பிறகு ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் கணவாய் என்று கோடு போகிறது. ஆஸ்திரியாவிலும் நெடுஞ்சாலைக்குத்தான் வில்லை. பழைய சாலையிலேயே போனால் அங்கும் வாங்க வேண்டியதில்லை. இது சிக்கனமா பிடிவாதமா என்று நாங்கள் பல மாலை நேரங்களில் வாதாடியிருக்கிறோம்.

[மாலை 6.52] அத்தை: அண்ணா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் காபி வேண்டும் என்று தொந்தரவு செய்தாவது உங்களை நிறுத்த வைத்திருப்பார்.

திங்கள்

[பிற்பகல் 3.47] அப்பா: ரீம்ஸ் வந்து சேர்ந்தேன். வழி சுலபம்தான், நான் எதிர்பாராத இடத்தில் ஒரு கஷ்டம் வந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். கலேயிலிருந்து வரும் ஏ26 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி வந்தது. சீட்டுத் தரும் இயந்திரம், அந்த நாட்டு வண்டிகளின் ஓட்டுநருக்கு வசதியாக, இடது பக்கம் நிற்கிறது. நானோ வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாக நாங்கள் ஐரோப்பியக் கண்டத்துக்குள் வண்டி கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் சீட்டை எடுத்தவன் அவன். இயந்திரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. இன்று இருக்கைப்பட்டையைக் கழற்றி, இறங்கி, வண்டியின் முன்னால் சுற்றி ஓடி, சீட்டை உருவி, அது காற்றில் பறக்கப் பார்த்ததைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் பின்னால் நின்ற லாரிக்காரர் இரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டார்.

[பிற்பகல் 3.58] நான்: முன்கண்ணாடியில் ஒட்டும் சிறு கருவி ஒன்று இருக்கிறது, அப்பா. அது இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் டி எழுத்து போட்ட வழியில் போனால் தடுப்பு தானாகத் திறக்கும். கட்டணம் பிறகு வங்கிக் கணக்கிலிருந்து போகும். நான் அன்றைக்கே சொன்னேன்.

[மாலை 4.06] அப்பா: சொன்னாய். "கை இருக்கும்போது கருவி எதற்கு" என்று அவன் சொன்ன பழைய பதிலையே நானும் சொன்னேன். அந்தக் கை யாருடையது என்பதை மறந்துவிட்டேன்.

[மாலை 4.30] பெரியப்பா: வண்டியை விட்டு இறங்காதே. தெருவில் குப்பை பொறுக்குவார்களே, பிடியை அழுத்தினால் நுனி மூடிக்கொள்ளும் நீண்ட இடுக்கி, அதில் ஒன்று வாங்கி வைத்துக்கொள். நம் பக்க வண்டியில் தனியாகப் போகும் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

[இரவு 8.15] அப்பா: வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெண்மணி பூந்தோட்டத்துக்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்

[இரவு 7.40] அப்பா: கருங்காட்டில் டிட்டிசே ஏரிக்கரையில் தங்கியிருக்கிறேன். ஏ4 நெடுஞ்சாலையில் வெர்டன் வரைக்கும் மழை. மழையில் பிரான்ஸ் நெடுஞ்சாலையின் வேக எல்லை 130இலிருந்து 110ஆகக் குறைந்துவிடும் என்பதால் நேரம் இழுத்துவிட்டது. இடுக்கி இரண்டு சாவடிகளில் வேலை செய்தது. ஒரு சாவடியில் வங்கி அட்டையைக் கவ்வத் தெரியாமல் கீழே போட்டுவிட்டு மறுபடியும் இறங்க வேண்டியதாயிற்று.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் அவனுடைய இருக்கையின் இரண்டாவது வேலை எனக்குப் புரிந்தது. எதிரும் புதிருமாகப் போகும் ஒற்றைச் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு லாரியின் பின்கதவைத் தவிர எதுவும் தெரிவதில்லை. எதிர்ப்புறம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூடிய கண்கள் இடது இருக்கையில்தான் இருக்க முடியும். "போ" என்று அவன் சொன்னால் போவேன். "பொறு" என்றால் பொறுப்பேன். அவன் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. இன்று ஃப்ரைபூர்க்கைத் தாண்டி மலையேறும்போது மரத்தடி ஏற்றிய லாரிக்குப் பின்னால் அரைமணி நேரம் வந்தேன், முந்துவதற்கு ஒருமுறைகூட முயலவில்லை. வேறு வழியில்லாமல் பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்ததில், அவன் ஏன் இந்தச் சாலையைத் தேர்ந்தெடுத்தான் என்பது தெரிந்தது. நான் ஓட்டிய ஆண்டுகளிலெல்லாம் முந்திக்கொண்டே போனதால் சாலையைத் தவிர எதையும் பார்த்திருக்கவில்லை.

[இரவு 7.59] அத்தை: அவர் வீட்டுக்கு வந்ததும் உங்களைப் பற்றிச் சொல்லும் ஒரே குறை அதுதான், அண்ணா.

[இரவு 8.10] அப்பா: இன்னொன்று. வரைபடம், அவனுடைய தொலைநோக்கி, இரண்டு புத்தகங்கள் எல்லாம் இருக்கும் அவன் பையை இடது இருக்கையில் வைத்திருக்கிறேன். ஆள் உட்கார்ந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டு, பட்டை போடச் சொல்லி விடாமல் கத்துகிறது. அதனால் பைக்குப் பட்டை போட்டுவிட்டேன்.

[இரவு 8.12] நான்: படம் அனுப்புங்கள், அப்பா.

[இரவு 8.13] அப்பா: வேண்டாம்.

புதன்

[காலை 9.02] பெரியப்பா: இன்று ஆர்ல்பெர்க். அங்கே 14 கிலோமீட்டர் சுரங்கச்சாலை இருக்கிறது. தனிக் கட்டணம் உண்டு என்றாலும் பாதுகாப்பானது. மேலே கணவாய் வழியாகப் போக வேண்டிய அவசியம் என்ன?

[காலை 9.20] அப்பா: அவன் சுரங்கச்சாலைக்குள் நுழைய மாட்டான், அண்ணா. 1999 மார்ச்சில் மோன் பிளாங்க் சுரங்கத்தில் லாரி தீப்பிடித்து 39 பேர் இறந்த செய்தியை நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதன் பிறகு அதே சுரங்கமும் மற்றவையும் எவ்வளவோ மாற்றங்களோடு பாதுகாப்பாகிவிட்டன என்று நான் சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. கணவாய் 1,793 மீட்டர்தான்; வானமும் தெளிவாக இருக்கிறது.

[மாலை 6.48] அப்பா: ரெஷன் கணவாயைத் தாண்டி இத்தாலிக்குள் வந்துவிட்டேன். இத்தாலி என்றாலும் பெயர்ப்பலகைகள் ஜெர்மன் மொழியிலும் இருக்கின்றன. 1919 வரை இது ஆஸ்திரியாவின் மண். எதிரே ஏரி. ஏரியின் நடுவே ஒரு தேவாலயத்தின் மணிக்கூண்டு மட்டும் நீருக்கு மேலே நிற்கிறது. மின்சாரத்துக்காக அணை கட்டி 1950இல் நீரைத் தேக்கியபோது கிராவுன் என்ற ஊர் மூழ்கிப்போனது. வீடுகளை இடித்தவர்கள் 14ஆம் நூற்றாண்டுக் கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். வரைபடத்தில் அவன் இந்த இடத்தில் எழுதியிருப்பது: "குறைந்தது ஒரு மணி நேரம். அவன் கிளம்பலாம் என்பான், கேட்காதே." யாருக்காக எழுதினான் என்று தெரியவில்லை, தனக்கே எழுதிக்கொண்டிருப்பான். ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

[மாலை 6.55] நான்: தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறதா, அப்பா?

[இரவு 7.10] அப்பா: ஓட்டும்போது இல்லை. சாப்பிடும்போதும் அவ்வளவாக இல்லை. எங்கே நிறுத்துவது, எப்போது கிளம்புவது என்று யாரோடும் சண்டை போடாமல் முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பழகவில்லை.

வியாழன்

[காலை 7.30] பெரியப்பா: ஏறும்போது எந்திரச் சூட்டைக் கவனி. இறங்கும்போது கீழ்க் கியரில் வா. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடாகிக் கைவிட்டுவிடும்.

[காலை 7.41] அத்தை: அண்ணா, இத்தனை நாளாகச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தின் கடைசி மடிப்பைத் திருப்பிப் பாருங்கள்.

[காலை 7.58] அப்பா: பார்த்தேன்.

[காலை 8.03] நான்: என்ன எழுதியிருக்கிறது?

[காலை 8.20] அப்பா: ஸ்டெல்வியோவை யார் ஓட்டுவது என்பதில் எங்களுக்குள் பெரிய போட்டி இருந்தது. ப்ராட் என்ற ஊரிலிருந்து உச்சிக்கு 48 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் 48 என்று எண்ணிட்டு, ஏற ஏறக் குறைந்து, உச்சியில் 1 என்று முடியும். காசைச் சுண்டிப் பார்ப்போம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அதற்கு நேரம் வரவில்லை. மடிப்பின் பின்னால் எழுதியிருக்கிறான்: "மரங்கள் முடியும் வரை அவன். பிரான்சன்ஸ்ஹோஹே விடுதியில் வண்டியை நிறுத்தி ஆள் மாற வேண்டும். மேலே நான்."

[பிற்பகல் 2.36] அப்பா: உச்சியில் இருக்கிறேன். 2,757 மீட்டர். குளிர் அதிகம். நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

1820களில் ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டோனேகானி என்ற பொறியாளர் போட்ட சாலை இது. குதிரைவண்டி திரும்பும் அளவுக்கு அமைத்த வளைவுகளில் இன்றைக்குப் பேருந்தும் திரும்புகிறது என்பதால், பேருந்து வரும்போது மற்ற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சைக்கிள்காரர்கள் ஏராளம், 1953இல் இங்கே ஏறித்தான் ஃபௌஸ்டோ கோப்பி இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தை வென்றார் என்று அவன் நூறு முறை சொல்லியிருக்கிறான். அவர்களை அவசரப்படுத்தாமல் பின்னாலேயே போனேன்.

விடுதியில் நிறுத்தினேன். எதிரே மலைச்சுவர் முழுவதும் சாலை மடிந்து மடிந்து ஏறுவது அங்கிருந்துதான் முழுசாகத் தெரிகிறது. மேல்பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவன் விவரமானவன்தான். வண்டியைச் சுற்றிப் போய் இடது கதவைத் திறந்து, பையை எடுத்து ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டு, அவன் இடத்தில் உட்கார்ந்தேன். இருபது ஆண்டுகளில் என் சொந்த வண்டியில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் நீட்ட இடம் மிகவும் குறைவு. முன்னாலிருக்கும் பெட்டி முழங்காலில் இடிக்கிறது. அவன் என்னைவிட உயரம், ஒருநாளும் சொல்லவில்லை.

பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்து மீதியை ஓட்டினேன். இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மேலிருந்து வண்டி இறங்குகிறதா என்று இடது ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்க்க வேண்டும். அவன் உட்கார்ந்திருந்தால் அவனுடைய பெரிய தலை மறைத்திருக்கும். "தலையைப் பின்னால் இழு" என்று நான் கத்தியிருப்பேன். இன்று எல்லா வளைவும் தெளிவாகத் தெரிந்தது.

[பிற்பகல் 2.50] பெரியப்பா: நல்லபடியாக ஏறினாய், தம்பி. சம்மதமில்லை என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

[பிற்பகல் 2.58] அத்தை: இருக்கையைப் பின்னால் தள்ளும் பிடி கீழே இருக்கிறது, அண்ணா. அவருக்கு அது தெரியும். தள்ளினால் பின்னால் பிள்ளைகளுக்குக் கால் இடிக்கும் என்று தள்ளாமல் விட்டுவிட்டார். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அப்படியே பழகிவிட்டது.

[பிற்பகல் 3.15] நான்: இறங்குவது எந்தப் பக்கம், அப்பா?

[பிற்பகல் 3.22] அப்பா: உச்சிக்குச் சற்றுக் கீழே, போர்மியோ ஊருக்கு இறங்கும் பக்கத்தில், உம்பிரைல் கணவாய்க்குச் சாலை பிரிகிறது, அதில் இறங்கினால் சுவிட்சர்லாந்தின் முஸ்டாயர் பள்ளத்தாக்கு. நெடுஞ்சாலையைத் தொடாதவரை அங்கேயும் வில்லை கேட்க மாட்டார்கள். அவன் கோடு இந்த உச்சியோடு நின்றுவிடுகிறது. திரும்பும் வழியை அவன் போடவில்லை.

[பிற்பகல் 3.30] அத்தை: அப்படியானால் அது உங்கள் இஷ்டம். பிரான்சுக்குள் வந்ததும் மறுபடியும் சாவடி வரும். இடுக்கியைக் கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

[பிற்பகல் 3.34] அப்பா: பைக்குப் பட்டை போட்டாயிற்று. இருக்கையையும் பின்னால் தள்ளிவிட்டேன். கிளம்புகிறேன்.