இத்தாலி பதுவா ஸ்டேஷன்ல இருந்து கோவிலுக்கு எப்படிப் போறது? அவசரம்

ஜெனி_தூத்துக்குடி: நாளைக்குக் காலைல அம்மாவோட போறேன். கோவில் பக்கத்துலதான்னு மேப் காட்டுது. ஹோட்டல்ல கேட்டா தூரம், நடக்காதீங்கன்னு சொல்றாங்க. எது சரி? அம்மாவுக்கு முட்டி வலி.

கணினிக்காரன்: போன்ல லொகேஷன் கோளாறு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. எனக்கு ரோம்ல இதேதான்.

வெனெத்தோ_மாணவன்: எந்தக் கோவில் அக்கா? ஜோத்தோ ஓவியம் இருக்கிற ஸ்க்ரோவேஞி சிற்றாலயமா, அந்தோணியார் பேராலயமா? முதலாவது பத்து நிமிஷ நடை, முன்பதிவு கட்டாயம். பேராலயம் கிட்டத்தட்ட 2 கி.மீ., டிக்கெட் கிடையாது. எங்கேருந்து வர்றீங்க?

பழைய_பயணி: ஊர், நாள், எத்தனை பேர், எதுவுமே இல்லாம கேள்வி. எத்தனை தடவை சொல்றது? முதல்ல ஊர்ப் பேரைப் 'பாதோவா'ன்னு எழுதப் பழகுங்க.

மணப்பாடு_ராஜ்: ஏன் சார்? அந்தோணியாரைப் பதுவைப் பதியர்னு நாங்க சின்ன வயசுல இருந்து செவ்வாய்க்கிழமை ஜெபத்துல சொல்றோம். அது எங்க தமிழ்ப் பேரு.

பழைய_பயணி: அவர் பிறந்தது லிஸ்பன். போர்ச்சுகல்காரங்க லிஸ்பன் அந்தோணியார்னுதான் சொல்வாங்க.

மணப்பாடு_ராஜ்: 1231ல இறந்தது பதுவை பக்கத்துல, அடக்கமானதும் பதுவையில. புனிதரை அடக்கின ஊர்ப் பேரால கூப்பிடுறதுல என்ன தப்பு?

வெனெத்தோ_மாணவன்: அண்ணே, அக்கா நாளைக்குக் கிளம்பணும். அக்கா, ஸ்டேஷன் வாசல்லயே டிராம் நிக்கும். டயர்ல ஓடும், நடுவுல ஒத்தைத் தண்டவாளம், பார்த்தாலே தெரியும். டிக்கெட்டை 'டி' போர்டு போட்ட புகையிலைக் கடையில வாங்கி, ஏறினதும் உள்ளே மெஷின்ல அடிச்சிடுங்க. 'சாந்தோ' நிறுத்தத்துல இறங்குங்க, அங்கேருந்து கொஞ்ச நடைதான். வழியில 'போந்தி ரொமானி'ல இறங்கினா பல்கலைக்கழகத்தோட பழைய மாளிகை 'போ' பக்கம். கலிலியோ 1592ல இருந்து 1610 வரைக்கும் பாடம் நடத்தின பல்கலைக்கழகம். 1595ல திறந்த உடற்கூறு அரங்கமும் அங்கதான், முட்டை வடிவத்துல ஆறு அடுக்கு. அம்மாவுக்கு முடியாட்டி விட்டுடுங்க.

தூரப்பறவை: டாக்சியே பிடிங்க, கல் பாவின தெரு முட்டிக்கு ஆகாது. தூணு வரிசை போட்ட நடைபாதைக்குள்ள மட்டும் தரை சமமா இருக்கும்.

பழைய_பயணி: பழைய பல்கலைக்கழகம்னா பொலோஞ்ஞாதான், 1088ல தொடங்கினது. பாதோவா 1222.

ஜெனி_தூத்துக்குடி: மன்னிக்கணும், அந்தோணியார் கோவில்தான். வெனிஸ்ல இருந்து. மேப்ல 'சேப்பல்'னு தட்டிட்டேன், அது வேற இடம் காட்டியிருக்கு. டிராம்லயே போயிட்டு வந்துட்டோம். கல்லறைக் கல்லுல கைய வெச்சுட்டு அம்மா எடுக்கவே இல்ல, பின்னாடி வரிசை நின்னுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. தம்பிக்கு நன்றி.

தூரப்பறவை: டிராம்ல சக்கர நாற்காலி ஏத்த முடிஞ்சுதா? எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்.