இரவுப் பணியில் ஒரே ஒரு செவிலியர்: ஆளைக் குறை சொல்வதா, ஆள் போடாததைக் கேட்பதா?

நொய்யல்கரைத் தறி (இரவு 8.10)

போன வெள்ளிக்கிழமை நள்ளிரவு ஒரு மணிக்கு அக்கா மகளுக்கு வலி எடுத்துவிட்டது. எங்கள் ஒன்றியத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் ‘24 மணி நேரமும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது ஒரு செவிலியரும் ஒரு துப்புரவுப் பணியாளரும் மட்டுமே. டாக்டர் இல்லை. செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீர் பார்த்தார், இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்றார். இரண்டு பக்க இடுப்பிலும் ஊசி போட்டு 108 வண்டியில் ஏற்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். தாயும் பிள்ளையும் நலம், அதற்குக் குலதெய்வத்துக்கு நன்றி.

ஆனால் எனக்குக் கோபம் தணியவில்லை. என் தறிக் குடோனில் இரவு ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் அடுத்த நாள் காலையில் நானே போய்க் கேட்பேன். இங்கே யார் கேட்பது? டாக்டர் சம்பளம் வாங்குகிறார், மாலையில் சொந்த கிளினிக்கும் நடத்துகிறார். இரவில் பிரசவத்துக்கு வருபவளை ‘மேல் சிகிச்சை’ என்று எழுதி அனுப்புவதற்கு எதற்கு ஒரு கட்டடம்? இரவு நேரத்தையாவது தனியார் மருத்துவமனைகளிடம் ஒப்பந்தத்தில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கொடுமுடிக்காரன் (8.32)

முழுக்க உடன்படுகிறேன் அண்ணா. கோவையைச் சுற்றி இத்தனை தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. இன்னும் நிறையச் சிகிச்சைகளை அந்த அட்டைக்குள் கொண்டுவந்தால் போதும். புதிதாகக் கட்டடம் கட்டுவதும், பணியிடம் உருவாக்குவதும், அதில் ஆள் இல்லை என்று அழுவதும் எத்தனை காலத்துக்கு? கடமை உணர்வு இல்லாத இடத்தில் இன்னும் நூறு பேரைப் போட்டாலும் இதே கதைதான்.

இரவுப்பணி (9.05)

நான் ஒரு செவிலியர். ஈரோடு மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் நிலையம் என்னுடையது இல்லை. ஆனாலும் நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை அண்ணா.

இரண்டு பக்கமும் போட்டார் என்றீர்களே, அது மெக்னீசியம் சல்பேட். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் வந்துவிட்டால் எந்த நேரமும் வலிப்பு வரலாம். வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. வண்டியில் ஏற்றுவதற்கு முன் அந்த ஊசியைப் போட வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அறுவை அரங்கமும் ரத்த வங்கியும் இல்லாத இடத்தில் உங்கள் அக்கா மகளை வைத்துக்கொள்ளாததும் சரிதான். அந்தச் செவிலியர் உங்களைத் தட்டிக் கழிக்கவில்லை. செய்ய வேண்டியதை முறையாகச் செய்திருக்கிறார்.

இனி ஷிப்டு கணக்கு. தறிக்காரர் என்பதால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வாரத்துக்கு 21 வேளை. எங்களைப் போன்ற நிலையங்களில் செவிலியர்கள் மூன்று பேர். வாரம் ஒரு நாள் ஓய்வு போக ஆளுக்கு ஆறு வேளை, மொத்தம் 18. யாரும் விடுப்பு எடுக்காத வாரத்திலேயே மூன்று வேளை துண்டு விழுகிறது. ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால், நிரந்தரப் பணியாளருக்கு 2021 முதல் அது 12 மாதம், அந்த ஓராண்டும் மீதி இரண்டு பேர்தான். ஒருவரை அயல்பணி என்று வேறு இடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

போன ஐப்பசியில் ஒரு இரவைச் சொல்கிறேன். பதினொன்றரைக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்று. அதன் பிறகு இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை அவள் நாடி, ரத்த அழுத்தம், உதிரப்போக்கு எல்லாம் பார்க்க வேண்டும், வயிற்றில் கை வைத்துக் கருப்பை கல் போல இறுகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். இன்னொரு பெண் பக்கத்துக் கட்டிலில், கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்து வலியில் இருக்கிறாள், தலைச்சன் பிரசவம். அந்த நேரம் பார்த்து மஞ்சள் காட்டில் மடை திருப்பப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் தண்ணீரும் இரவில்தானே பாயும். அவர் காலைப் பார்த்தால் வீங்கிக்கொண்டே போகிறது. ரத்தம் இரண்டு மில்லி எடுத்து உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் விரியன் விஷம். குழாயை ஜன்னல் விளிம்பில் நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கையைப் பிரசவமான பெண்ணின் வயிற்றில் வைத்திருந்தேன். இன்னொரு கையில் போன், டாக்டரோடு பேச. குழாயைச் சாய்த்தேன். ரத்தம் தண்ணீர் போல ஓடியது.

டாக்டர் சொல்லச் சொல்ல மருந்து ஏற்ற ஆரம்பித்தேன். அவர் 22 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து சேர்ந்தார். அன்று காலை வெளிநோயாளிகள் பிரிவு, மதியம் பள்ளி முகாம் என்று ஓடியவர் அவர். மூன்று உயிரும் பிழைத்தன. விடிந்ததும் எனக்குக் கை நடுங்கியது, பேனா பிடித்துப் பதிவேடு எழுத முடியவில்லை.

2015இல் தேர்வு எழுதி வந்த அக்காக்கள் மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தார்கள். பிறகு 14,000, அதற்கும் பிறகு 18,000 ஆனது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பலர் அதற்காகத் தெருவில் உட்கார வேண்டி வந்தது. கொரோனாவில் கவச உடைக்குள் நின்றவர்களில் பலரை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். கடமை உணர்வு இல்லை என்று எழுதுவதற்கு முன் இதையெல்லாம் யோசியுங்கள்.

கொடுமுடிக்காரன் (9.21)

அம்மிணி, உங்களைப் போன்றவர்களை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் எழுதியது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஒரே ஆளால் மூன்று உயிரைப் பார்க்க முடியாது என்றால் அந்த இடத்தில் பிரசவம் பார்க்கவே கூடாது. எல்லாவற்றையும் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, அங்கே ஆள் நிறையப் போடுங்கள். இன்றைக்குச் சாலை நன்றாக இருக்கிறது, 108 இருக்கிறது. ஊருக்கு ஊர் அரைகுறையாக நடத்துவது எதற்கு?

மலையில் நாலு வருஷம் (9.48)

சாலை நன்றாக இருப்பது பெருந்துறைக்கும் அவிநாசிக்கும். நான் மருத்துவர். சத்தியமங்கலம் பக்கத்து மலைப்பகுதியில் நான்கு ஆண்டு பணி செய்தேன். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. மழையில் மரம் விழுந்தால் ஆம்புலன்ஸ் அங்கேயே நிற்கும், யானை நின்றாலும் அப்படியே. எல்லாவற்றையும் பெரிய மருத்துவமனையில் சேர்த்தால் தாளவாடியிலிருந்தும் பர்கூரிலிருந்தும் வருகிற பெண் வண்டியில்தான் பிள்ளை பெறுவாள். மலைக்கு 20,000 பேருக்கு ஒன்று, சமவெளிக்கு 30,000 பேருக்கு ஒன்று என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கணக்கு வைத்தது இதற்காகத்தான்.

டாக்டர் ஏன் இரவில் இல்லை என்று நொய்யல்கரை அண்ணன் கேட்டார். நேராகவே சொல்கிறேன். பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் இரவில் தங்குவதில்லை, அழைத்தால் வர வேண்டும். இரண்டே பேரை வைத்துப் பகலும் இரவும் யாரையாவது உட்காரவைக்க முடியாது. அழைத்தும் வராதவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. அவர்கள் மேல் நடவடிக்கை வேண்டும்.

ஆனால் காலியிடம் எப்படி உண்டாகிறது என்பதையும் பாருங்கள். கிராமத்தில் வேலை செய்யும் மருத்துவர் முதுநிலைப் படிப்புக்குப் போவது தமிழ்நாட்டின் நல்ல ஏற்பாடு. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாநில அரசு தன் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களை ஒதுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு இங்கே 50 சதவீதம் திரும்ப வந்தது. அந்த ஒதுக்கீடு இல்லையென்றால் நான் மலைக்குப் போயிருப்பேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். போயிருக்க மாட்டேன். ஆனால் படிக்கப் போனவர் மூன்று ஆண்டு வர மாட்டார் என்பது போகிற அன்றே தெரியும். அந்த இடத்துக்கு உடனே மாற்று ஆள் வர வேண்டும், வருவதில்லை.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். திருப்பூர், நாமக்கல், நீலகிரி மூன்றும் நம் பக்கம். பெருமைதான். ஆனால் அங்கே பாடம் எடுக்கப் போனவர்களில் பலர் வட்ட மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மயக்க மருந்து நிபுணர் போய்விட்டால் அரங்கம் பூட்டு. மகப்பேறு மருத்துவர் இருந்தும் சிசேரியன் கிடையாது. அந்தச் சுமை முழுவதும் மறுபடி அதே மருத்துவக் கல்லூரியின் பிரசவ வார்டில் போய்த்தான் விழுகிறது.

நொய்யல்கரைத் தறி (10.02)

அந்த ஊசி விஷயம் எனக்குத் தெரியாது. அக்கா மகளின் சீட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஊசி போட்ட நேரம், அளவு எல்லாம் எழுதியிருக்கிறார். அன்று வாசலில் நின்று அந்தப் பெண்ணைக் கடுமையாகப் பேசிவிட்டேன். அதற்கு வருந்துகிறேன்.

ஆனாலும் டாக்டர் தம்பி, கிளினிக் விஷயத்தை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். அரசுப் பணி நேரம் முடிந்தபின் தனியாகப் பார்க்க இங்கே அனுமதி இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் எந்த நோயாளியை விட்டுவிட்டு எழுந்து வருவார்?

மலையில் நாலு வருஷம் (10.09)

நியாயமான கேள்வி. என்னிடம் இதற்கு நல்ல பதில் இல்லை அண்ணா. ஊதியத்தை உயர்த்தச் சொல்லி 2019 அக்டோபரில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம். அரசு மருத்துவர்களின் ஊதிய உயர்வு பற்றிய 2009ஆம் ஆண்டு அரசாணை 354ஐ முன்வைத்துக் கேட்டோம். ஊதியம் சரியானால் கிளினிக்கை விடத் தயாரா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் நான் தயார் என்றுதான் சொல்லியிருப்பேன். எல்லோரும் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்பது வேறு.

பழைய சைக்கிள் (10.30)

நான் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். நம்பியூர், கோபி, பவானி என்று காலம் போனது.

சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இலேயே வந்தது. நோய் வருமுன் தடுக்கிற துறை தனியாகவும், மருத்துவமனை தனியாகவும் இங்கே இருப்பதால்தான் ஊர் ஊராகப் போய்ப் பெரியம்மையை ஒழிக்கவும் காலராவைக் கட்டுப்படுத்தவும் முடிந்தது. காப்பீட்டு அட்டை கொசுப்புழுவை ஒழிக்காது, கர்ப்பிணி வீட்டுக்குப் போய் ரத்தசோகை பார்க்காது. கொடுமுடித் தம்பி, தனியார் மருத்துவமனைக்கு நோய் வந்த பிறகுதான் வேலை.

இன்னொன்று. மருந்துக்கும் ஆளுக்கும் ஒரு வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். பழைய நாளில் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நோயாளியை வெளியே வாங்கச் சொல்வோம். 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் மருந்துக் கணக்கு எழுத ஒரு பாஸ்புத்தகம், கிடங்கில் இருப்பு குறையும்போதே அடுத்த கொள்முதல். மருந்துப் பஞ்சம் பெருமளவு தீர்ந்தது. ஆள் எடுக்கவும் 2012இல் தேர்வு வாரியம் அமைத்தார்கள். ஆனால் பாஸ்புத்தக முறை மட்டும் வரவில்லை. நான் எந்த நாளில் ஓய்வு பெறுவேன் என்பது பணியில் சேர்ந்த அன்றே பதிவேட்டில் ஏறிவிட்டது. அந்த நாள் வந்து, மாலை போட்டு, வழியனுப்பி, என் மேசை காலியாகி நெடுநாள் கழித்தும் அங்கே ஆள் இல்லை. பக்கத்து வட்டாரத்துக்காரர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார். மாத்திரைக்குக் கொடுத்த முன்யோசனையை மனிதர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

கிராம சுகாதாரச் செவிலியர்களையும் யாராவது நினைத்துப் பாருங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. கர்ப்பிணியைப் பதிவு செய்து 12 இலக்க எண் வாங்கினால்தான் பிறகு பிறப்புச் சான்றிதழ் வரும். அந்தப் பதிவுக்காக சிக்னல் கிடைக்கிற மேடு தேடி, பஸ் நிறுத்தத் திண்ணையில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்த அம்மாவை எனக்குத் தெரியும். வீடு வீடாகப் போக வேண்டிய பொழுது அந்தத் திண்ணையில் கழிந்தது.

பனியன் ஊர்க்காரி (10.41)

திருப்பூரில் அந்த 5,000 கணக்கெல்லாம் எடுபடாது ஐயா. வடமாநிலங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்கள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் அவர்கள் வருவது இங்கேதான். மொழி தெரியாமல் சைகையில் வலி எங்கே என்று கேட்கிறார்கள் நம் செவிலியர்கள். ஆள் எண்ணிக்கையை வாக்காளர் பட்டியலைப் பார்த்து முடிவு செய்தால் எப்படி?

கொடுமுடிக்காரன் (10.55)

பாஸ்புத்தக வாதம் நன்றாக இருக்கிறது ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். பணியிடத்தை நிரப்ப வேண்டும், சரி. ஆனால் நிரந்தரம் ஆனதும் வேலை தளர்ந்துபோகிறது என்பதை நான் இன்னும் நம்புகிறேன். எங்கள் ஊரில் பார்த்த அனுபவம் அது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டு, நல்ல சம்பளம், வேலையைப் பார்த்து நீட்டிப்பு என்று வைத்தால் என்ன?

இரவுப்பணி (11.03)

ஒப்பந்தம் முடிகிற ஆண்டில் வீட்டுக் கடன் கிடைக்காது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தயக்கம், மேலே உள்ளவர் தப்பு செய்தாலும் வாய் திறக்கப் பயம். எட்டு ஆண்டாக அப்படித்தான் இருக்கிறேன் அண்ணா. அதனால் என் வேலை கூர்மையானதாக எனக்குத் தெரியவில்லை. சேர்ந்து படித்த நான்கு பேர் வெளிநாடு போய்விட்டார்கள்.

நொய்யல்கரைத் தறி (11.15)

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன். இரவை ஒப்பந்தத்தில் விடச் சொன்னதை எடுத்துவிடுகிறேன். பணி அட்டவணையை, டாக்டர் போன் எண்ணோடு, வாசலில் ஒட்ட வேண்டும் என்பதைச் சேர்க்கிறேன், அதை விட மாட்டேன். நான்காவது செவிலியர் பணியிடம் வேண்டும் என்றும் எழுதுகிறேன். சரியா அம்மிணி?

இரவுப்பணி (11.24)

அட்டவணை ஒட்டட்டும், எங்களுக்கும் அது நல்லதுதான். ஆனால் நான்கு என்று எழுதாதீர்கள், ஐந்து என்று எழுதுங்கள். 21 வேளையோடு, இரவில் இரண்டாவது ஆள் ஏழு வேளை சேர்த்தால் 28. ஐந்து பேர் ஆறு வேளை வந்தால் 30. மீதி இரண்டு வேளை விடுப்புக்கு.