சென்ட்ஓஎஸ் 7 விஎம் கிளவுடில் பூட் ஆகவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். அலுவலகத்தின் பில்லிங் சர்வர் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். இத்தனை வருஷம் விஎம்வேரில் விஎம்மாக (மெய்நிகர் கணினியாக) ஓடியது. நேற்று இரவு டிஸ்க்கைக் கன்வெர்ட் செய்து, கேவிஎம்மில் (விஎம்வேர் போன்ற இன்னொரு விஎம் மென்பொருள்) இயங்கும் ஒரு கிளவுடில் ஏற்றினேன். கிரப் மெனு (எந்தக் கெர்னலில் பூட் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் திரை) வருகிறது, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கிளம்புகிறது. அப்புறம் 'டிராகட் இனிட்கியூ டைம்அவுட்' என்று வரிவரியாக ஓடி, எமர்ஜென்சி ஷெல்லில் நின்றுவிடுகிறது. இரண்டு முறை கன்வெர்ட் செய்தும் அதேதான். டிஸ்க் கெட்டுவிட்டதா? திங்கட்கிழமை காலை பில் போட வேண்டும்.

பதில் 1:
பயப்படாதீர்கள், பெரும்பாலும் டிரைவர் பிரச்சினைதான். சென்ட்ஓஎஸ் 7 தன் இனிட்ராம்எஃப்எஸ்ஸை, அதாவது பூட்டின் தொடக்கத்தில் கெர்னல் பயன்படுத்தும் சிறிய இமேஜை, உருவாக்கும்போது, அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே அதில் வைக்கும். உங்களுடையது விஎம்வேரில் உருவானது, அதனால் கேவிஎம்மின் டிஸ்க்கைப் படிக்கும் விர்ட்ஐஓ டிரைவர் உள்ளே இருக்காது. விர்ட்ஐஓ மாட்யூல் ரூட் பார்ட்டிஷனில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பார்ட்டிஷனைத் திறக்கவே விர்ட்ஐஓ வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

கிரப் மெனுவின் கடைசியில் 'ரெஸ்க்யூ' என்று ஒரு வரி இருக்கும். அந்த இமேஜில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதில் பூட் செய்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் டிராகட் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

கேட்டவர்:
ரெஸ்க்யூவில் பூட் ஆனது, டேட்டாபேஸ் அப்படியே இருக்கிறது! டிராகட் ஓட்டினேன், எரர் இல்லை. ஆனால் வழக்கமான கெர்னலில் பழையபடி அதே டைம்அவுட்.

பதில் 1:
டிராகட்டை வெறுமனே ஓட்டினால், அப்போது ஓடும் கெர்னலுக்கு மட்டும்தான் இமேஜ் உருவாகும். ரெஸ்க்யூவில் ஓடுவது இன்ஸ்டால் செய்த நாளில் இருந்த பழைய கெர்னல். 'ஃபோர்ஸ்', 'ரீஜெனரேட் ஆல்', 'நோ ஹோஸ்ட்ஒன்லி' மூன்று ஆப்ஷன்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது! மிக்க நன்றி. இப்போது நெட்வொர்க் மட்டும் இல்லை.

பதில் 2:
விஎம்வேரில் நெட்வொர்க் கார்டின் பெயர் ஈஎன்எஸ்192 என்று இருந்திருக்கும், இங்கே வேறு பெயர். அந்தக் கார்டின் அமைப்புகள் இருக்கும் ஐஎஃப்சிஎஃப்ஜி ஃபைலின் பெயரையும் உள்ளே இருக்கும் டிவைஸ் வரியையும் மாற்றுங்கள், பழைய மேக் முகவரி வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். யம் (மென்பொருள் நிறுவும் கருவி) வேலை செய்யாது, ரெப்போவை (அது பேக்கேஜ்களை எடுக்கும் இடம்) பழைய வெர்ஷன்களின் காப்பகமான வால்ட்டுக்குத் திருப்ப வேண்டும்.

இன்னொன்று, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30 அன்றே ஆதரவு முடிந்துவிட்டது. பில் போடும் சர்வர் பேட்ச் இல்லாமல் கிளவுடில் இருப்பது ஆபத்து. சென்ட்ஓஎஸ் போலவே இருக்கும் ஆல்மா 8 லினக்ஸுக்கு 2029 வரை செக்யூரிட்டி அப்டேட் உண்டு. அதே வகையான ராக்கி 9 போன்ற 9ஆம் வெர்ஷனுக்குப் போவதானால் முதலில் சிபியு மாடலைப் பாருங்கள். 'கேவிஎம்64' என்ற பழைய மாடலைக் காட்டும் விஎம்மில் அது பூட்டே ஆகாது, எக்ஸ்86-64-வி2 (புதிய சிபியு வசதிகளின் தொகுப்பு) கேட்டு நின்றுவிடும்.

கேட்டவர்:
நெட்வொர்க்கும் வந்துவிட்டது. சோதனைக்கு ஒரு பில் போட்டேன், சரியாக வருகிறது. ஆல்மா 8இல் தனி விஎம் ஒன்று போட்டு, டேட்டாபேஸை இந்த வாரமே அங்கே மாற்றிப் பார்க்கிறேன்.